ராஜாங்கம் மாமா அலைக்குளத்தில் இறங்கிய நாள்

என் அக்கா பூவாயியின் வீட்டுக்காரர் ராஜாங்கம், விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் தீ பார்ப்பவர். நான் காத்தவராயன், ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறேன். மாமாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைத்தான் புகழ்வார்கள். அவர்கள் அவரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாதவர்கள். அவ்வளவு பிடிவாதக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சூளை எரியும் நாட்களில் தீ பார்ப்பவர் குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் கூடாது. சூடேறிய உடம்பு, நரம்பு இழுத்துக்கொள்ளும் என்பார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைச் சூளை ஆறும்வரை வைத்துக்கொண்டார்கள். மாமா ஆயுசுக்கும் வைத்துக்கொண்டார். ஆறு, குளம், கிணறு எதிலும் கால் நனைத்ததில்லை. தினமும் ஒரு வாளி வெந்நீர், அவ்வளவுதான். மணிமுத்தாற்றில் அபூர்வமாக வெள்ளம் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். மாமா ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மீன்குஞ்சு போல ஒரு மகள். அவள் பெயர் தமிழினி. மங்கலம்பேட்டைப் பக்கம் எங்கள் கொல்லைக் கிணற்றில், பள்ளி விடுமுறையில், இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி அவளைத் தள்ளிவிட்டவன் நான். இரண்டாவது நாளே கேனை அவிழ்த்து என் தலையில் ஒரு போடு போட்டுவிட்டுத் தானாக நீந்தினாள். காலேஜ் முடித்ததும், பாண்டிச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பெரிய தீம் பார்க்கில் வேலை கிடைத்தது. ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், வெளியூர்க்காரர்கள் தங்க அறைகள் எல்லாம் உள்ள இடம். தண்ணீரில் யாராவது தத்தளித்தால் குதித்துத் தூக்குவதுதான் அவள் வேலை. மாமா அதை ஒரு வேலையாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

கொரோனா வந்தது. பார்க்கை மூடினார்கள். ஊரில் சூளையையும் அணைத்தார்கள். மாமா போய்ச் சூளைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, சில்லென்று இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். தமிழினி பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். சூளை மறுபடி எரிய ஆரம்பித்ததும் அவளும் அங்கேயே அச்சில் பொம்மை வார்க்கப் போனாள். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் மழை வந்தால் போதும், களிமண் கையோடு வாசலில் போய் நின்றுவிடுவாள். பார்க்கைத் திறந்து கூப்பிட்டபோது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பஸ் ஏறினாள்.

அவள் போன கொஞ்ச நாளில் வரன் வந்தது. மாப்பிள்ளை பாண்டியன், கம்மாபுரம் விருத்தகிரியின் மகன். சொந்தமாக செல்போன் கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன். போட்டோ பார்த்த தமிழினியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விருத்தகிரிதான் ஒரு நிபந்தனை போட்டார். ஆணும் பெண்ணும் கலந்து குளிக்கிற இடத்தில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் வேலையைப் பெண் விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவார்கள், அப்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். மாமா மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை அவர் மீறி நான் கண்டதில்லை. போனில் சொன்னபோது தமிழினி, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அழைத்துக்கொண்டு போங்கள் என்றாளாம்.

வேலைக்குத் திரும்பியவர்களின் குடும்பத்துக்கு பார்க்கில் இரண்டு பேருக்கு இலவச பாஸ் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு பஸ் என்றாலே வாந்தி. அதனால் வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நானும் மாமாவும் கிளம்பினோம். மகளின் துணிமணிகளை அள்ளிப் போட அவர் கையில் ஒரு காலிப் பை இருந்தது. சாயங்காலம் அவளோடு மூன்று பேராகத்தான் திரும்புவது என்று முடிவாக வந்திருந்தார்.

பார்க் வாசலில் சிமென்ட் யானை ஒன்று நின்றது. இரண்டு வருஷ வெயிலில் நிறம் உதிர்ந்து போய், ஒரு பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ராட்டினங்களில் பாதி ஓடவில்லை. தங்கும் அறைகளில் ஒரு வரிசைதான் திறந்திருந்தது, மற்ற வரிசைகளில் ஏ.சி. பெட்டிகளுக்கு மேல் புறாக்கள் குடும்பம் நடத்தின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் முதல் தடவையாக எழுந்து நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. அதே நேரம் அந்த உயரங்களைப் பார்க்கப் பார்க்க வாய் மூடவில்லை. எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில் கோபுரத்துக்கு அடுத்து நான் கழுத்தை இவ்வளவு பின்னால் வளைத்துப் பார்த்தது அந்தத் தண்ணீர்ச் சறுக்குகளைத்தான்.

உள்ளே போகும் முன் ஒரு பெண் மாமாவின் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டி, முப்பத்தாறு, போகலாம் என்றாள். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வாழ்க்கை நடத்தும் மனுஷருக்கு அது தாங்கவில்லை. உள்ளே வந்த பிறகும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முப்பத்தாறுன்னா அணைஞ்சு ஆறிப் போச்சுன்னு அர்த்தம் மாப்ள" என்றார். உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

தண்ணீர்ப் பகுதியின் வாசலில் எல்லாரையும் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார்கள். அந்த வாசலைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். எங்கு பார்த்தாலும் முழு முகங்கள். இரண்டு வருஷமாகக் கண்ணை மட்டும் பார்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு, அத்தனை பேருடைய பல்லும் மூக்கும் மோவாயும் ஒரே இடத்தில் தெரிந்ததும் பார்த்துத் தீரவில்லை. மொட்டைத் தலைக் கிழவர் ஒருவர் சறுக்கிலிருந்து தண்ணீரில் வந்து விழுந்து, வெட்கமே இல்லாமல் சிரித்தார். சொந்தக்காரர் போல அவரைப் பார்த்து நானும் சிரித்தேன்.

கடல் மாதிரி அலை எழுப்பிக் காட்டும் அலைக்குளம் அதற்கு அப்பால் இருந்தது. கரையில் கணுக்கால் ஆழத்தில் தொடங்கி, தூரத்தில் கம்பி வலை போட்ட பெரிய சுவர்வரை நீலமாகப் போனது. நடுவே ஓர் உயர நாற்காலியில் மஞ்சள் டி-ஷர்ட், கழுத்தில் விசில், மடியில் சிவப்பு மிதவையோடு தமிழினி உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் ஒரே ஒரு தடவை தலையசைத்தாள். வேலை நேரத்தில் பேச மாட்டேன், மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அப்புறம் அவள் கண் தண்ணீரை விட்டு நகரவில்லை.

வேட்டியோடு தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை, நைலான் துணி வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் வந்து சொன்னார். தண்ணீரில் இறங்குகிற உத்தேசமே இல்லை என்று மாமா அவரை அனுப்பிவிட்டு, கரையில் காலிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சுவரையே பார்க்க ஆரம்பித்தார். சுவருக்குப் பின்னால் ப்ளோயர் ஓடுகிறது, காற்றை அடைக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, நானும் தலையாட்டினேன்.

அப்போது சங்கு ஊதியது.

எங்கள் ஊர்ச் சூளைகளில் ப்ளோயர் நின்றுபோனால் உள்ளே புகை அடைந்து வெடிக்கப் பார்க்கும். உடனே சங்கு ஊதுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே ஓட வேண்டும். தீ பார்ப்பவர் மட்டும் உள்ளே ஓடி, ஆட்களைத் தள்ளி வெளியேற்றிவிட்டுக் கடைசியாக வர வேண்டும். மாமாவுக்கு அது ரத்தத்தில் ஊறியது. இங்கோ சங்கு என்றால் அலை வரப்போகிறது என்று அர்த்தம். கரையில் இருந்த ஜனம் முழுக்க ஹோ என்று தண்ணீருக்குள் ஓடியது. வெடிக்கப் போகிற சூளைக்குள் ஊரே சிரித்துக்கொண்டு ஓடுவதைத்தான் மாமா பார்த்தார்.

நான் பிடிப்பதற்குள் அவர் தண்ணீரில் இருந்தார். ஆயுசில் ஆற்றில் கால் நனைக்காத மனுஷர், வேட்டியோடு, இடுப்பாழத்தில், கண்ணில் பட்டவர்களை எல்லாம் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். ஒரு அம்மா அவர் கையிலிருந்த காலிப் பையைப் பிடுங்கி அதாலேயே அவரை அடித்தார். மாமா அவரை விட்டுவிட்டு அடுத்தவரை இழுத்தார். இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே போனார். அந்தச் சுவரிலிருந்து முதல் அலை கிளம்பி வந்தது. வேட்டி ஒரு பக்கம் போனது, மாமா ஒரு பக்கம் போனார். அடுத்த அலைக்கு அவர் தலை தெரியவில்லை.

நான் கத்தினேன். அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

நீளமாக ஒரு விசில் கேட்டது. நாற்காலியில் தமிழினி எழுந்து நின்று, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். சுவருக்குப் பின்னால் இரைச்சல் நின்றது. அலை நின்றது. அத்தனை பெரிய குளம், அத்தனை ஜனம், கிணற்றில் நான் தள்ளிவிட்ட அந்தப் பெண்ணின் ஒரு கைக்குக் கட்டுப்பட்டு அடங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. சொல்லும்போது இப்போதும் சிலிர்க்கிறது. அதற்குள் அவள் குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், மாமாவை மிதவையில் மல்லாத்திப் போட்டுக் கரை சேர்த்துவிட்டாள்.

மாமா மூக்காலும் வாயாலும் தண்ணீர் கக்கினார். பட்டாபட்டி டவுசரோடு சிமென்ட் தரையில் கிடந்தார். தமிழினி பக்கத்தில் முட்டிபோட்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தண்ணீரிலிருந்து எடுத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை, எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டாள்.

"மூச்சு வுட முடியுதாங்க? உங்க பேரு சொல்லுங்க."

"ராஜாங்கம்."

"எந்த ஊரு?"

"விருத்தாசலம்."

"யார்கூட வந்தீங்க?"

மாமா அவள் முகத்தையே பார்த்தார். "எம்மவளப் பாக்க வந்தேன்" என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெதுவாக "ப்பா" என்றாள். பிறகு முதலுதவிக்காரர்களிடம் அவரை ஒப்படைத்துவிட்டு எழுந்து போய் நாற்காலியில் ஏறிக்கொண்டாள். குளத்தில் ஜனம் இருந்ததே.

மதியம் சாப்பாட்டு இடத்தில் மாமா கிளி படம் போட்ட நைலான் டவுசரில் உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. தமிழினி வந்தாள். கையில் அவளுடைய பை, துணியெல்லாம் அடுக்கி ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

"நீங்க வாக்கு குடுத்துட்டீங்க. வான்னா வந்துடறேன்பா" என்றாள்.

மாமா பையைப் பார்க்கவே இல்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைத் தூக்கினால் எப்போதும் அலை நின்றுவிடுமா என்று கேட்டார். வேலையில் இருப்பவர் தூக்கினால் நின்றுவிடும் என்றாள். எத்தனை பேரை இப்படி எடுத்திருக்கிறாய் என்று கேட்டார். அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை, எண்ணி வைத்ததில்லை என்றாள். மாமா எழுந்து கை கழுவினார். அவருடைய போன் தண்ணீர் குடித்துச் செத்துப்போயிருந்தது. என் போனை வாங்கி விருத்தகிரிக்குப் போட்டார்.

"அண்ணே, ராஜாங்கம் பேசறேன். நான் குடுத்த வாக்க திருப்பி வாங்கிக்கறேன். தப்பு எம்மேலதான், பொண்ணு மேல இல்ல. அது வேலைய வுடாது. வுட்டுட்டு வூட்ல குந்தியிருந்தா, இன்னிக்கு நான் உங்ககிட்ட பேசிகிட்டு இருக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் என்னமோ நீளமாகக் கேட்டது. மாமா குரலை உயர்த்தாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கணும்னா இங்க வாங்கண்ணே. பையனையும் கூட்டியாங்க. அது வேலை செய்யும்போது பாருங்க. பாத்துட்டுப் புடிச்சாலும் சொல்லுங்க, புடிக்கலன்னாலும் சொல்லுங்க."

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று விருத்தகிரி வைத்துவிட்டார். தமிழினி அழுதாள். மாமா அவளைத் தேற்றவில்லை, அவருக்கு அதெல்லாம் வராது. தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைத் தின்றுவிட்டு, முகத்தைத் துடைத்து, நேரமாகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தாள். மாமா அவள் கண்ணிலிருந்து மறையும்வரை நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவும் இல்லை.

பாண்டிச்சேரியில் விருத்தாசலம் பஸ் கூட்டமாக இருந்தது. மாமா முன்னால் இடம் பிடித்து என்னையும் உட்காரவைத்தார். கண்டக்டர் வந்து எங்கே, எத்தனை என்று கேட்டார்.

"விருத்தாசலம், ரெண்டு" என்றார் மாமா.