கடைசி வார்த்தை உரிந்த பலகை

பதினோராம் நாள் சாயங்காலம், நனைந்த கையுறையைப் பிழிந்துகொண்டு நின்றபோது அவனுக்கு நிஜமாகவே முதுகு வலித்தது. வலியோடு சிரிப்பும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டு மாதம் அவன் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சொல்லிவைத்த காரணம் முதுகுவலிதான். மேலதிகாரிக்கு, சித்தப்பாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, எல்லோருக்கும் அதே முதுகுவலி.

அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவு இடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று சொல்வதில் கெட்டிக்காரன். இப்போது ஒரு மாத விடுப்பில் மோட்டார்சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறான். பட்டறை, தொழிற்சாலை, கல்லூரி என்று நிறுத்தி, மனசு சரியில்லாமல் போவதும் ஒரு நோய்தான், வைத்தியம் உண்டு என்று பத்து நிமிஷம் பேசுகிறான். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பான். அக்கா சொல்லிவைத்ததை எப்படிப் பொய்யாக்குவது?

கேட்டவர்கள் கை தட்டினார்கள், டீ கொடுத்தார்கள். பதினோரு நாளில் ஒருவர்கூடத் தனியாக வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக் காலை வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடலாம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

சங்கிலி தொய்ந்திருந்ததால் சாலையோர மெக்கானிக்கிடம் விட்டான். அங்கே ஒரு லாரி டிரைவர் டயருக்காகக் காத்திருந்தார். வண்டியின் பின்பக்கம் குனிந்த மெக்கானிக், அங்கே மாட்டியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மனசு விட்டுப்... என்னண்ணே, போச்சா?"

லாரி டிரைவர் சிரித்தார். "அதையும் போர்டு எழுதி மாட்டிக்கிட்டு சுத்துறாரு பாரு!"

அவன் எட்டிப் பார்த்தான். 'மனசு விட்டுப் பேசுங்க' என்று அக்கா கத்தரித்து ஒட்டிய எழுத்துகள். அவள் சீட் கவர் தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு போடமாட்டாள். கடையிலிருந்த நல்ல ஸ்டிக்கர் ஷீட் முதல் இரண்டு வார்த்தைக்கே தீர்ந்துபோக, கடைசி வார்த்தையைச் சாதாரண ஷீட்டில் வெட்டியிருந்தாள். அந்த வார்த்தையை மழை உரித்துக்கொண்டு போயிருந்தது.

'பேசுங்க'ன்னு இருந்துச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குக்கூடத் தெம்பில்லை.

"ஆமாங்க, விட்டுத்தான் போச்சு. எட்டு மாசம்."

மெக்கானிக்கின் ஸ்பேனர் நின்றது. "உங்களுக்கா?"

"எனக்குத்தான். குளிக்கல, ஷேவ் பண்ணல. அக்கா தட்டைக் கொண்டுவந்து வச்சிட்டு, கதவை ரெண்டு தட்டு தட்டும். ஒருநாள் வெளிய இருந்தே, 'நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், சட்டை இஸ்திரி போட்டாச்சு'ன்னுச்சு. இஸ்திரி போட்டது வீணாகக் கூடாதேன்னு போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. டயர் மாட்டியாகியும் லாரி டிரைவர் எழுந்திருக்கவில்லை.

"நான் வீட்டுக்குப் போனா வண்டியை விட்டு எறங்க மாட்டேன் தம்பி," என்றார். "வாசல்லயே அரை மணி, ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன். உள்ள புள்ளைங்க பேசுறது கேக்கும். கால் வராது."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இப்பதான்."

டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பார்கள் என்று அவன் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். பிறகு அக்காவுக்கு போன் செய்தான்.

"அக்கா, முதுகுவலி இல்லன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. "யார்கிட்டடா?"

"ஒரு லாரி டிரைவர்கிட்ட. அவரும் சொன்னாரு."

"அந்தப் பொய்ய ஆரம்பிச்சது நான். நான்தான் முதல்ல மாத்தியிருக்கணும்," என்றாள். "சித்தப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"போர்டுல கடைசி வார்த்தை உரிஞ்சிருச்சு."

"அய்யோ! அந்த ஷீட்டு தாங்காதுன்னு அப்பவே தோணுச்சு. நல்லதுல வெட்டி அனுப்பவா?"

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

"சரி, வண்டி எப்படி இருக்கு?"

"சங்கிலி தொய்ஞ்சிருந்துச்சு, இறுக்கியாச்சு."

"அப்ப நல்லாத் தூங்கிட்டு, காலையில அடுத்த ஊருக்குப் போ."