சுளகில் குலுக்கிய லத்தீன்

மூத்த பேரன் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறான். பேத்தி கமலா பண்ணிசைப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள். சின்னவன் ஓட்டத்தில் இரண்டாமிடம், வழுக்காதிருந்தால் முதலிடம்தான். இதையெல்லாம் பதுளையிலிருக்கும் என் கணவரின் தம்பி செல்லையாவுக்கு எழுதக் கடதாசி எடுத்த காலையில், அவர் காலமானார் என்று தந்தி வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1920களின் நடுவில், கண்டி கட்டுக்கலையில் எங்கள் வீட்டில் தங்கி, ஒரு பிறக்கிராசியாரிடம், அதாவது வழக்கறிஞரிடம், குமாஸ்தாவாக இருந்தவர். தாமும் பிறக்கிராசியாகி நீதிமன்றத்தில் எழுந்து பேசவேண்டுமென்பதே அவர் ஆசை. சட்டப் படிப்புக்குள் நுழையும் சோதனையில் லத்தீன் இருந்தது. இரண்டு முறையும் அதில்தான் தவறினார். "இன்னுமொருக்கா தவறினா இந்த ஆசையை விட்டிடடா" என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

குளிக்கும்போதும் "லோகுவோர், லோகுவெரிஸ், லோகுவித்துர்" என்று பாடுவார். பொருள் கேட்டேன்.

"நான் பேசுறன், நீ பேசுறாய், அவன் பேசுறான். சொல்லின்ர உருவத்தைப் பார்த்தா செயப்பாட்டு வினை, ஆரிட்டையோ பேச்சு வாங்கினவன் மாதிரி இருப்பான் மச்சாள். ஆனா பேசுறவன் அவன்தான்."

"அப்ப உங்கட அண்ணரைப் போல எண்டு சொல்லுங்கோ."

ஒருநாள் கீரை ஆய்ந்தபடி, "'அவர்கள் பேசுகிறார்கள்' எப்படித் தம்பி?" என்றேன். அவர் உதடு முதற்சொல்லிலிருந்து அசைந்து வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும், ஏழெட்டு எவ்வளவென்றால் ஓரெட்டு எட்டு என்று தொடங்கியவள்தான். சோதனையிலும் ஒவ்வொரு கேள்விக்கும் இப்படியே பாடி வந்திருக்கிறார். பாதித் தாளில் மணி அடித்திருக்கிறது.

பழைய நாட்காட்டியைத் துண்டாக்கி, ஒரு புறம் பொருளும் மறுபுறம் தமிழெழுத்தில் லத்தீனும் எழுதச் சொன்னேன். சுளகில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததைக் கேட்பேன்.

"பாடாதேங்கோ, சொல்லுங்கோ!"

"மச்சாள், சோதனைக்காரர் உங்களைவிட நல்லவர்."

மூன்றாம் முறை தேறினார். முடிவு வந்த கடதாசியை அண்ணரிடம் காட்டுமுன் அடுப்படிக்குக் கொண்டுவந்து, "இதை முதல் நீங்கள் பார்க்கவேணும்" என்றார். ஆங்கிலம் தெரியாத நான் அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, பதுளை மன்றில் நீங்கள் எழுந்து பேசியதைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நிம்மதியாகப் போய்வாருங்கோ.

அவர் மனைவி பூமணிக்கு ஒரு சொல். எங்கள் சுவரில் தொங்குவது அவர் இரண்டாம் முறை தவறிய வருஷத்துப் படம். கறுப்புக் கோட்டுடன் எடுத்த புதுப்படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு, பிள்ளை. பேரப்பிள்ளைகள் அவரைப் பிறக்கிராசியாராகவே அறியட்டும்.