கிளிநொச்சிக்குக் கீழ் ஒரு பெயர்

சென்ற மாதம் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். கடலைப் பார்த்த பத்து மாடிக் கட்டடம். கீழே காவலுக்கு நின்றவர் ஒரு டெப்லெட்டை நீட்டினார். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் அடித்தேன். அடுத்த பெட்டி, பிறந்த இடம். தொட்டதும் ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா, அதையும் போடுங்க. போட்டாத்தான் கதவு தொறக்கும்" என்றார் அவர். பதுளைப் பக்கத்துப் பேச்சு.

இத்தனை வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் ஒரு பெட்டிக்குப் பயப்படுகிறான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கட்டடம் நிற்கிற நிலத்தில்தான், யுத்த காலத்தில், நாங்கள் இருந்த லொட்ஜ் நின்றது. கடல் உப்பு தின்ற ஜன்னல் கம்பிகள், காலையிலேயே பொரித்த மீன் வாசம், அறைக்கு மூன்று பேர். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கம்பனியில் புரோகிராம் எழுதப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கடைக்காரருக்கு பில் அடிக்கிற புரோகிராம்தான். அதற்கே நடையில் ஒரு தெனாவெட்டு வந்திருந்தது.

லொட்ஜின் மனேஜர் ரஸீன் நானா, மாளிகாவத்தைக்காரர். தங்கியிருக்கும் எல்லாருடைய பெயரையும் பிறந்த ஊரையும் ஒரு கொப்பியில் பதிந்து, பொலிஸ் வந்தால் காட்ட வேண்டும். அவருடைய எழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். வந்த ஒழுங்கில் எழுதுவார், வெட்டுவார், ஓரத்தில் செருகுவார். பொலிஸ் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். அதற்கே கால் மணித்தியாலம் போகும். பிறகு தேத்தண்ணி சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தானே வாசிப்பார். இருபதாவது பெயருக்குள் வந்தவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அரைவாசியில் எழும்பிப் போய்விடுவார்கள்.

எனக்கு அது பெரிய எரிச்சல். வாசித்து முடியும்வரை யாரும் வெளியே போக ஏலாது, வேலைக்குப் பிந்தும். மனுசனுக்கு ஒழுங்கு என்பதே தெரியாது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரஸீன் நானா வீட்டுக்குப் போயிருந்த நேரம், கொப்பியைத் தூக்கினேன். விளங்காத இடங்களை ஆட்களிடமே கேட்டு நிரப்பினேன். கம்பனிக்குப் போய் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றினேன். வரிசைப்படுத்தும் கட்டளையைப் பழகியிருந்த புதிது. பொலிஸ் எப்போதும் கேட்பது ஊரைத்தானே, ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் கெதியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது என் மூளை. ஒவ்வொரு ஊருக்கும் தடித்த எழுத்தில் தலைப்பு. அச்செடுத்து வந்து மனேஜர் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

என் அறையில் இருந்த சிவனேசன் பார்த்து மகிழ்ந்துபோனான். கனடாவில் இருந்த மனைவியிடம் போக வந்து காத்திருந்தவன். மூன்று வருடப் பிரிவு. தூதரகத்தில் நேர்முகம் அடுத்த புதன்கிழமை.

"கிளிநொச்சிக்குக் கீழ நான் ஒராள்தான் மச்சான். எனக்கெண்டு தனி இடம் தந்திருக்கிறாய்" என்றான்.

திங்கள் இரவு பிந்தித் திரும்பிய ரஸீன் நானா சுவரைக் கவனிக்கவில்லை. செவ்வாய் விடியப் பொலிஸ் வந்தது. ரஸீன் நானா கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். அதிகாரி சுவரைப் பார்த்தார். தாளைக் கிழித்து எடுத்து, விரலால் தலைப்புகளைத் தடவிக்கொண்டே போனார்.

"யார் செய்தது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் கை தூக்கினேன். ஓம், கை தூக்கினேன்.

"ஹரி ஷோக், மல்லி" என்றார். நல்ல வேலை, தம்பி. எனக்குள் ஒரு சந்தோசம் ஓடியதை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை. அது ஓடி முடிவதற்குள் அவருடைய விரல் கிளிநொச்சியில் நின்றது. அப்போது புலிகளின் கையில் இருந்த ஊர். "சிவனேசன் யார்?"

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாரத்தோடு நின்றவனைக் காற்சட்டை மாற்றச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்களிடம் ஒரு கேள்வியும் இல்லை. புதன்கிழமைக்கென்று அவன் மினுக்கி வைத்த வெள்ளைச் சேர்ட் ஆணியில் தொங்கியது. நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

ரஸீன் நானா வந்து பக்கத்தில் இருந்தார். ஏசவில்லை.

"தம்பி, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா என்ட கொப்பிய என்னத் தவிர யாருக்கும் வாசிக்க ஏலா. நான் அப்புடி எழுதுறதே அதுக்குத்தான்."

ஒழுங்கு தெரியாத மனுசன் என்றேனே, அவர் அத்தனை வருடமும் அந்தக் கிறுக்கலுக்குள்ளும் கண்ணாடித் தேடலுக்குள்ளும் எங்களைப் பொத்தி வைத்திருந்திருக்கிறார். எனக்கு அது பிழையாகத் தெரிந்தது, திருத்திவிட்டேன்.

சிவனேசனை நான்கு நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். நேர்முகம் போய்விட்டது. "உன்னில பிழையில்லை மச்சான்" என்றான். அதற்கு என்னை அடித்திருக்கலாம். இன்னொரு திகதி வரும்வரை ஊரில் இருக்கிறேன் என்று போனான். சண்டை மூண்டு வடக்குப் பாதை பூட்டுப்பட்டது. தூதரகத்திலிருந்து புதுத் திகதியோடு அவனுக்குக் கடிதம் லொட்ஜுக்கு வந்தது. அவன் வரவில்லை.

இப்போது எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாப் படிவத்திலும் பிறந்த இடத்தைக் கேட்கிறார்கள். எதற்கு என்றால், "பிறகு தேவைப்படும் சேர்" என்கிறார்கள். நான் கத்துவேன். வயது போனால் அப்படித்தான் என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, எத்தனையோ தரம், தேடல் பெட்டிகளில் சிவனேசன் என்று அடித்திருக்கிறேன். அந்தப் பெயரில் நிறையப் பேர் வருகிறார்கள். ஒருவனும் அவன் இல்லை.

காவலாளி இன்னும் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊரைத் தொட்டேன். நொடிகூட எடுக்காமல் கதவு திறந்தது. லொட்ஜ் இல்லை, கொப்பி இல்லை, ரஸீன் நானாவும் மௌத்தாகிவிட்டார். அந்த இடத்தில் இனி ஒருவரும் மூக்குக்கண்ணாடியைத் தேடப்போவதில்லை.