தூக்கியே வளர்த்த பேத்தி

பள்ளிக்கூடத்தில் சேரக் குழந்தை குதித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் பேத்திக்கு மூன்று பாஷையில் வரும்.

புனேயில், ஹடப்சரில் மகனுக்குப் பதினோராவது மாடியில் வீடு. அவனும் மருமகளும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பிள்ளை என்னிடம். நாலு வருஷமாக அவளை நான் இடுப்பை விட்டு இறக்கியதில்லை. பால் கடைக்குப் போனாலும் தூக்கித்தான். கீழே பூங்காவில் சறுக்கு மரம் உண்டு. விழுந்துவிடுவாள் என்று பெஞ்சில் மடியிலேயே வைத்துக்கொள்வேன். வாட்ச்மேன் இந்தியில் கிண்டல் செய்வான்: "பாபா, பேத்திக்குக் காலு குடுக்க மறந்துட்டாரா கடவுளு?" எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நிக்டிப் பக்கம் முப்பது வருஷம் மூட்டை தூக்கினேன். மகனைத் தூக்கியதில்லை. அவன் எப்போது நடந்தான், எப்போது ஓடினான், தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் மாடிப்படியில் ஒரு பிள்ளை தடதடவென்று இறங்கி வருகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஒரு நொடி பார்த்தேன். அவன்தான். அந்தக் கடனை இவளிடம் தீர்க்கிறேன் என்று நினைத்தேனோ என்னவோ.

பள்ளியில் டீச்சரம்மா படி ஏறச் சொன்னார். பேத்தி ஒரு படி ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். அடுத்த படிக்கு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். பந்தைப் போட்டார். அது மார்பில் பட்டு விழுந்த பிறகுதான் கையை மூடினாள். குதிக்கச் சொன்னார். சும்மா நின்றாள்.

"வீட்ல குழந்தைய யாரு பாத்துக்கிறாங்க?" என்று இந்தியில் கேட்டார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அன்றும் முடியாவிட்டால் இந்த வருஷம் இடம் இல்லை. டாக்டரிடம் காட்டினோம். காலில் ஒரு குறையும் இல்லை, பழக்கம்தான் இல்லை என்றார்.

"மாமா, ஒங்களக் கொற சொல்லல. இனிமே தூக்காதீங்க, அவ்ளோதான்."

"சரிம்மா."

"சரின்னுதான் சொல்றீங்க. அவ சிணுங்குனா தூக்கிர்றீங்க."

உண்மைதான்.

மூன்று வாரத்தில் படி கொஞ்சம் பழகினாள். குதிக்க மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாமே குதித்துக் காட்டலாம் என்று கூடத்தில் நின்றேன். "தாத்தாவப் பாரு" என்று முழங்காலை மடக்கி உந்தினேன். மூட்டை சுமந்த முழங்கால். சுருக்கென்று வலித்தது. பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. இன்னொரு தடவை உந்தினேன். அப்படியேதான்.

பேத்தி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் போலவே முழங்காலை மடக்கினாள், முகத்தைச் சுளித்தாள், நிமிர்ந்தாள். குதிகால்கூடத் தூக்கவில்லை.

"குதிச்சிட்டேன் தாத்தா!"

நான் கை தட்டினேன்.

மறுநாள் டீச்சர் குதிக்கச் சொன்னதும், இந்தத் தடவை தயங்காமல், முழங்காலை மடக்கி, முகத்தைச் சுளித்து நிமிர்ந்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.