ஷாமிலாவும் ஒரு பை பொன்னாடையும்

ஷாமிலா யூனியன் பிரதிநிதியானது அவர் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில்.

ஆக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானப் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் பெரிய சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. பழைய பிரதிநிதி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். புதியவரைத் தேர்ந்தெடுக்கத் தேநீர் இடைவேளையில் கூடினார்கள். யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் தங்கள் பிஸ்கட்டையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஷாமிலா எழுந்து போய்த் திரும்பி வந்தபோது அறையே கைதட்டியது.

"ஏன், நான் கதவைச் சரியாப் பூட்டேல்லையோ?" என்று கேட்டார்.

மன்னார் பேசாலையில் பிறந்தவர். கணவர் ஜூலியனோடு இங்கே வந்து இறங்கியதும் கிடைத்த முதல் வேலை த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு டெய்ரியில். பால், பாண், சிகரெட், லொத்தர் விற்கும் மூலைக்கடை. நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றார் முதலாளி. மறுநாள் ஷாமிலா வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். அந்த வாரமே அவரும் நாற்காலியும் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடை. வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடிப்பது, மடித்ததை அடுத்தவர் கலைப்பதைப் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் பாபடோயிட்டோயில் வீடும் விமானச் சாப்பாடும்.

தட்டு வரிசையில் அவருக்கு அடுத்து நிற்பவர் பிம்லா. பீஜியில் பிறந்தவர். கரும்பு வெட்டப் போன தமிழர்களின் வழி வந்தவர். அவரிடம் எஞ்சியிருக்கும் தமிழ், சாப்பாட்டுப் பெயர்களும் சில திட்டுகளும் மட்டுமே. ஆனாலும் அந்த வரிசையில் நிற்கும் மற்றவர்களைப் போலவே எங்கள் தென்முனைத் தமிழ் மன்றத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டுகிற ஆள். அவர் கணவர் வெங்கடசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். கார் ஓட்ட பிம்லாவை விட்டால் வேறு ஆளில்லை.

இந்த இடத்தில்தான் நிறுவனத்துக்கு ஒரு புத்தி வந்தது. நாளைக்கு யாருக்கு வேலை என்பதை இன்று மாலை போனில் செய்தியாக அனுப்பினால் போதுமாம். யாருக்கு எந்த நாள் வேலை என்ற ரோஸ்டரை இரண்டு வாரம் முன்னதாகத் தர வேண்டும் என்றது யூனியன். பேச்சுவார்த்தை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் ஏறக்குறைய இறங்கி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து தீபாவளி வந்தது.

நிறுவனம் தன் தொழிலாளர்களுக்குத் தீபாவளி விருந்து வைத்தது. அதில் பேச அழைக்கப்பட்டவர் மன்றத் தலைவர் எட்வேட். காப்புறுதி விற்பவர். கெட்ட மனிதர் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பார், செத்த வீடு என்றால் முதல் ஆளாக நிற்பார். மைக்கைக் கண்டால் மட்டும் அவருக்கு நிதானம் போய்விடும். அன்று மன்றத்தின் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எங்கள் ஆட்களுக்கு வேலையே வழிபாடு. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவார்கள்" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த பேச்சுவார்த்தையில் மேலாளர் புன்னகையோடு தொடங்கினார். உங்கள் சமூகத் தலைவரே சொல்லிவிட்டாரே, பிறகு ரோஸ்டர் எதற்கு?

"எனக்காகப் பேச அவர் யார்?" என்று தட்டு வரிசையில் பிம்லா ஆங்கிலத்தில் கேட்டார். "அவர் என்னை எப்போது கூப்பிட்டார்?"

உழைப்பவனைக் கேட்காமல் உழைப்பவன் சார்பில் பேசுவது ஒரு தொழில். உலகமெங்கும் நடக்கிறது. முதலீடு, ஒரு மைக்கும் கழுத்தில் தொங்க ஏதாவது ஒன்றும். இந்த நாட்டில் நாம் தேர்ந்தெடுத்த எம்.பி. நமக்கு எதிராகவே பேசினாலும் இடையில் திரும்ப அழைக்க வழி கிடையாது. மூன்று வருடம் பொறுத்திருந்து அடுத்த தேர்தலில்தான் கணக்குத் தீர்க்கலாம். எங்கள் மன்றம் இந்த விஷயத்தில் பாராளுமன்றத்தைவிட முன்னேறியது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் தலைவர் இறங்க வேண்டும். நேரில் வந்துதான் தூக்க வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் தூக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவர் எட்வேட். தனக்கு முந்திய தலைவரை இறக்குவதற்காக எழுதினார்.

எட்வேட்டை இறக்க உதவ முடியுமா என்று ஷாமிலா யூனியன் அலுவலகத்தைக் கேட்டார். உங்கள் மன்ற விவகாரத்தில் நாங்கள் தலையிட மாட்டோம், ஆனால் தேநீர் இடைவேளையில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவதை யாராலும் தடுக்க முடியாது என்றார்கள். ஷாமிலாவுக்கு அது போதும். பேசுவதை மரணத்தைத் தவிர வேறொன்றும் தடுக்காது என்பது அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

'மன்றத்துக்குள் யூனியன் அரசியல்' என்று எட்வேட் அணி கூப்பாடு போட்டது. நிறுவனம் பிரியாணி போட்டு மன்றத் தலைவரைப் பேச வைத்தால் அது பண்பாடு. தட்டு அடுக்குகிறவர்கள் ஒரு கோப்பைத் தேநீரோடு பேசினால் அது அரசியல். இந்த அகராதியை எழுதியவர்கள் யார் என்று தெரிந்தால் நல்லது.

ஷாமிலா யூனியனில் கற்றபடியே செய்தார். ஒவ்வொருவராகப் பார்ப்பது, பாதி நேரம் கேட்பது, கடைசியில் கையெழுத்து. வேலைத்தலத்தில் மட்டுமல்ல, தேவாலய வாசலிலும் மரக்கறிக் கடையிலும் பிடித்தார். கேட்ட எல்லோரும் போட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அங்கேதான் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எட்வேட் தன் பங்குக்கு ஒரு தாளை நீட்டினார். 'தலைவர்மீது எமக்கு முழு நம்பிக்கை உண்டு.' அதிலும் அதே ஆட்கள் கையெழுத்திட்டார்கள். சிலர் அதே பேனாவால். வீடு தேடி வந்தவரிடம் எப்படி இல்லை என்பது?

ஷாமிலாவின் மகள் ஜனுஷா இங்கே பிறந்தவள். "சோ தே லைட் டு யூ, அம்மா?" என்றாள்.

"பொய் இல்லை பிள்ளை. மரியாதை."

"வாட்ஸ் த டிஃபரன்ஸ்?"

ஷாமிலா கறியைக் கிளறுவதில் மும்முரமானார்.

எப்படியோ, மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. தேதி வைப்பது தலைவர் உரிமை. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி என்றார். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்குத்தான் முடியும். ஷாமிலா போன் எடுத்தார்.

"அண்ணை, நாலு மணிக்கு வைச்சா வேலைக்குப் போறவையும் வரலாம்."

"நாலு மணிக்குத் தொடங்கினா வாக்கெடுப்பு ராகு காலத்தில விழும், தங்கச்சி."

"நீங்கள் ஞாயிறுப் பூசையில பைபிள் வாசகம் வாசிக்கிற ஆளெல்லோ?"

"மன்றத்தில சைவ ஆக்களும் இருக்கினம். நான் எல்லாருக்கும் பொதுவான ஆள்."

வேதாகமத்தில் இல்லாத ராகு, நியூசிலாந்து வானத்திலும் இல்லாத ராகு, எட்வேட்டின் வாக்குக் கணக்கில் மட்டும் இருந்தது. சனி மாலை ஏழு மணிக்கு எல்லோர் போனும் ஒலித்தது. ஞாயிறு காலை ஷிஃப்டுக்குப் பிம்லா முதல் தட்டு வரிசை முழுவதும் வரவேண்டும் என்றது நிறுவனம். விடுப்பு எடுத்திருந்த ஷாமிலாவுக்கு மட்டும் செய்தி இல்லை. ரோஸ்டர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை யூனியனே எழுதியிருக்க முடியாது.

ஷாமிலா அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் பொன்னாடைகள். தமிழர் வீடு என்றால் இருக்கும்: சிவப்பு, பச்சை, ஊதா, எல்லாவற்றுக்கும் ஜரிகைக் கரை. உடுக்க முடியாது, போர்த்திக்கொண்டு தெருவில் போகவும் முடியாது. ஒரு மேடையில் வாங்கி இன்னொரு மேடையில் கொடுப்பதற்காகவே பிறந்த துணி. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தது, நத்தாருக்கு இயேசு பிறப்பு நாடகம் போட்டது என்று அவருக்கு வருடாவருடம் விழுந்தவை. பெரும்பாலானவை எட்வேட் கையால் போர்த்தியவை. எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தார்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் ஷாமிலா தலைகளை எண்ணினார். முன்வரிசை முழுக்க எட்வேட்டின் நண்பர்கள். இரண்டு தாளிலும் கையெழுத்திட்டவர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கை தூக்கினால் தோல்வி. தோற்றால், அந்தத் தீபாவளிப் பேச்சை மன்றமே ஆமோதித்ததாகிவிடும். புதன்கிழமை பேச்சுவார்த்தையில் மேலாளருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. வெங்கடசாமியை யார் கொண்டுபோய் விடுவது?

கூட்டத்தை நடத்தியவர் துணைத் தலைவர் நல்லசாமி, ஈரோட்டுக்காரர். "அப்ப வாக்கெடுப்புக்குப் போயிரலாங்களா?" என்றார்.

ஷாமிலா எழுந்தார். "ஒரு நிமிஷம் ஐயா. இறக்கிறதோ வைச்சிருக்கிறதோ, அது பிறகு. இவ்வளவு காலம் உழைச்ச மனிசன். முதல்ல ஒரு பொன்னாடை போர்த்திப்போட்டுச் செய்வம். பிறகு ஆரும் எங்களை மரியாதை தெரியாத ஆக்கள் எண்டு சொல்லக் கூடாது."

எட்வேட் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பொன்னாடையைப் பார்த்தார். ஊதா நிறம், அகலக் கரை. சந்தேகம் தோற்றது.

"ஆமாங்க, அதுவும் முறைதான்" என்றார் நல்லசாமி.

தலைவருக்கு ஒருவர் போர்த்தினால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? மகளிர் அணி ஒன்று போர்த்தியது. தமிழ்ப் பாடசாலை ஒன்று. விளையாட்டுக் குழு, பாடகர் குழு, முதியோர் வட்டம். பையிலிருந்து ஷாமிலா எடுத்து எடுத்துக் கொடுத்தார். போர்த்தியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். தமிழரின் இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் படம். ஒருவர் கண் மூடியிருந்தால் மறுபடி படம்.

ஒன்றரைக்குப் பிரியாணி வந்து இறங்கியது. வாசனை மண்டபத்துக்குள் நடந்து வந்தது. முன்வரிசை நெளியத் தொடங்கியது.

"இனி வாக்கெடுப்பா?" என்றார் நல்லசாமி.

"தலைவர் ஏற்புரை சொல்லாமலோ?" என்றார் ஷாமிலா.

இதற்குமேல் அவர் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. எட்வேட் மைக்கைப் பிடித்தார். கழுத்து தெரியாதபடி பொன்னாடைகளுக்கு நடுவிலிருந்து பேசத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி, கொழும்பில் முதல் வேலை, ஆக்லாந்தில் இறங்கிய அன்று பெய்த மழை. அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் நழுவிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட தமிழன் கூட்டத்தில் நிற்பதில்லை. கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்வேட்டுக்கு அது கேட்கவில்லை. அவர் 2004க்கு வந்திருந்தார்.

அப்போது கதவு திறந்தது. பிம்லா முன்னால், தட்டு வரிசை முழுவதும் பின்னால். ஒரு வேனிலும் நாலு காரிலும் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் தலையில் இன்னும் வலைத்தொப்பி.

எட்வேட் பேச்சை நிறுத்தினார். "உங்களுக்கு இண்டைக்கு வேலையெல்லோ?"

"அண்ணை, நீங்கள்தானே சொன்னீங்கள், எங்கட ஆக்கள் எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவினம் எண்டு" என்றார் ஷாமிலா. "நான் கூப்பிட்டன்."

முதலில் சிரித்தவர் நல்லசாமி. தலைமை தாங்குபவர் சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து இருமலாக மாற்றப் பார்த்தார். பிறகு வாக்கெடுப்பு. இறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். வலைத்தொப்பிகள் ஒன்றுவிடாமல் தூக்கின. வேண்டாம் என்பவர்களுக்கு முறை வந்தபோது, இரண்டு தாளிலும் கையெழுத்திட்டவர்கள் ஒரு கையில் தட்டும் மறு கையில் தண்ணீருமாக நின்றார்கள். தூக்குவதற்குக் கை இல்லை. அவர்கள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. நல்லசாமி இரண்டு தடவை எண்ணினார். இறக்கச் சொன்ன கைகள் வந்திருந்தவர்களில் பாதியைத் தாண்டியிருந்தன. எட்வேட் இறங்கினார்.

இது தந்திரம் இல்லையா என்று பிறகு சிலர் கேட்டார்கள். வேலை செய்பவர்கள் வர முடியாத நேரத்தை வைத்தது என்னவாம்? உறுப்பினர்கள் வந்து சேரும்வரை கூட்டம் காத்திருந்தது, அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தில் பேசியவர் தலைவரேதான்.

இடைக்காலத் தலைவர் ஒருவர் வேண்டும். எல்லோரும் ஷாமிலாவைப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணியிலிருந்து அவருக்கு அவசரமாகக் கழிவறை போக வேண்டியிருந்தது. பழைய அனுபவம் தடுத்தது. காலைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பார்த்தார். வேலை முடிந்து நேரே வந்த பிம்லா அப்போதுதான் கழிவறைப் பக்கம் போயிருந்தார்.

"நான் பிம்லாவின்ர பேரைச் சொல்லுறன்" என்றார் ஷாமிலா அவசரமாக.

பிம்லா திரும்பி வந்தபோது மண்டபமே கைதட்டியது. அவருக்கு எஞ்சியிருந்த தமிழில் ஒரு சொல் வாயிலிருந்து வந்தது. அதை இங்கே எழுத முடியாது. மன்ற வரலாற்றில் மிகச் சுருக்கமான ஏற்புரை அதுதான்.

எட்வேட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. தன்மேல் கிடந்த ஊதாப் பொன்னாடையை எடுத்து அவரே பிம்லாவுக்குப் போர்த்தினார். படத்துக்கும் நின்றார்.

புதன்கிழமை பேச்சுவார்த்தையில் மேலாளர் அதே புன்னகையோடு, உங்கள் சமூகத் தலைவர் சொன்னதுபோல என்று ஆரம்பித்தார்.

"தலைவர் இதோ இருக்கிறா. அவவையே கேளுங்கோ" என்று ஷாமிலா தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

பிம்லா கையுறையைக் கழற்றினார். "செவ்வாய், வியாழன், சனி நான் வர மாட்டேன்" என்றார். "மற்ற நாள் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள்."

மேலாளர் தன் தாள்களைப் புரட்டினார். அவற்றில் வேறு தலைவர் யாரும் இல்லை. ரோஸ்டர் விதி அந்த மாதமே ஒப்பந்தத்தில் ஏறியது.

டயாலிசிஸ் அறையில் எப்போதும் குளிர். வெங்கடசாமி இப்போது முழங்காலுக்குமேல் ஊதாப் பொன்னாடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அகலக் கரை காலடிவரை இறங்குகிறது. தாதி ஒருத்தி, இது என்ன விழாத் துணியா என்று கேட்டாளாம்.

"போர்வை" என்றாராம் அவர்.