காலிக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

"இதற்கு மருந்தே கிடையாது" என்று ஒருவர் சொன்னால், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, தேடாமலே சொல்கிறாரா என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

முட்டைக்காரி கேட்டதில்லை. அந்தப் பெயரை வைத்தது அவள் தங்கை. மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் அக்காவுக்குக் கணினி வேலை. எந்த மருந்து உடம்பின் எந்தப் புரதத்தில் ஒட்டும் என்று ஆய்வகங்கள் கண்டதையெல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் ஏற்ற வேண்டும். அதைப் படித்துத்தான் அங்குள்ள செயற்கை அறிவு இயந்திரம் இனி எது எதில் ஒட்டும் என்று கணித்துச் சொல்லும். முக்கால்வாசிக் கட்டங்கள் காலி. யாரும் சோதித்ததே இல்லை. காலியாக விட்டால் இயந்திரம் முரண்டு பிடிக்கிறது, பூஜ்யம் போட்டு நிரப்பிவிடு என்றார் குழுத்தலைவர். பூஜ்யம் என்றால் ஒட்டாது என்று பொருள். ஒட்டாத மருந்து வேலை செய்யாது. அவளும் நிரப்பினாள். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் தங்கை ஆரம்பித்துவிடுவாள்: "இன்னிக்கு எத்தனை முட்டை போட்டக்கா?"

அந்தத் தங்கைக்குத்தான் கால்கள் துவளத் தொடங்கின. பிறகு கைகள். தசையைத் தின்னும் நோய். லட்சத்தில் ஒருவருக்கு வருவது. அந்த ஒருவருக்காக எந்தக் கம்பெனி மெனக்கெடும்? எந்தப் புரதம் கெட்டிருக்கிறது என்பதை மட்டும் மருத்துவர் சொன்னார். அக்கா குழுத்தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் புரதத்தை இயந்திரத்தில் ஓட்ட வைத்தாள். இருக்கிற மருந்துகள் அத்தனைக்கும் ஒரே பதில்: ஒட்டாது.

தங்கையின் தலையணையைச் சரிசெய்தபடி அதைச் சொன்னாள். தங்கை மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள்:

"நிஜமாவே பார்த்துட்டுச் சொன்னாங்களா, இல்ல அதுவும் நீ போட்ட முட்டைதானா?"

சிரிக்க வைக்கத்தான் கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் அட்டவணையில் தேடினாள். அந்தப் புரதத்துக்கான கட்டங்கள் முழுக்க அவள் கையால் போட்ட பூஜ்யங்கள். இயந்திரம் பாவம், சொல்லிக்கொடுத்ததைத் திருப்பி ஒப்பித்திருக்கிறது.

"யாரும் பார்க்கலன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா சார்?"

குழுத்தலைவர் தலையைச் சொறிந்தார். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஆய்வகத்தில் நேரடியாகச் சோதிக்கச் சொல்லி நாயாய் அலைந்தாள். லாபமுள்ள நோய்கள் வரிசையில் முன்னால் நின்றன. இதற்கு முறை வருவதற்குள் நோய் மூச்சுத் தசைக்கு ஏறிவிட்டது. தங்கை போய்விட்டாள்.

பிறகுதான் சோதனை முடிவு வந்தது. மலிவான பழைய மருந்து ஒன்று ஒட்டியது. ஒட்டியதாலேயே பிழைத்திருப்பாள் என்று அறிவியல் தெரிந்த எவரும் சொல்ல மாட்டார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் எவராலும் சொல்ல முடியாது. அதுதான் அக்காவைப் போட்டு அறுக்கிறது.

இப்போதும் அதே நாற்காலிதான். காலிக் கட்டம் வந்தால் 'சோதிக்கவில்லை' என்று எழுதுகிறாள். இயந்திரம் முரண்டு பிடித்தால் பிடிக்கட்டும் என்கிறாள். சாயங்காலம் கணக்குக் கேட்க வீட்டில் ஆளில்லை.

தலைவிதி என்று சொல்லிக் கைகழுவாதீர்கள். இல்லை என்று சொல்வது மருத்துவராக இருக்கட்டும், கணினியாக இருக்கட்டும், "பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.