வாடாமல்லி வால்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊரே என்னைத் துரத்தியது. நான் திருடவில்லை. யாரையும் திட்டவில்லை. ஆனாலும் பட்டப்பகலில், கடலைக் கொல்லை வரப்பில், ஒற்றைச் செருப்போடு ஓடினேன் — ஒரு குரங்கின் வால் காரணமாக!

சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு நெசவாளர் தெரு. விடிந்ததும் பாவு போடுவார்கள். அதாவது, புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டிச் சீர்படுத்துவார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். அதன்மேல் ஒரு குரங்கு குதித்தால் என்ன ஆகும்? குதித்தது ஒரு குரங்கல்ல, ஒரு குடும்பம். கல்யாணப் புடவைக்கான பாவு... சிக்கெடுக்க மூன்று நாள் ஆயிற்று.

தெரு கொதித்தது. குரங்கு பிடிக்கிறவர்கள் வந்தார்கள். வாழைப்பழத்தைக் காட்டிப் பதினோரு குரங்குகளைக் கூண்டில் அடைத்தார்கள். லாரியில் ஏற்றி, தொலைவில் ஒரு மலையடிவாரக் காட்டில் விட்டுவிடுவதாக ஏற்பாடு.

குறுக்கே வந்து நின்றார் சுலோசனா. மெட்ராஸ்காரர், விலங்கியல் ஆராய்ச்சி செய்கிறவர். கோயில் ஊர்க் குரங்குகளைப் பற்றி எழுதுவதற்காக எங்கள் வீட்டு மாடியில் இரண்டு மாதமாகக் குடியிருக்கிறார். கழுத்தில் எப்போதும் பைனாகுலர்.

"இதுங்களைக் கொண்டுபோனா இடம் காலியாகும். காலி இடத்துக்கு வேற கூட்டம் வரும்" என்றார்.

யார் கேட்டார்கள்?

"சரி, அடையாளமாவது போட்டு அனுப்புங்க. நாளைக்கு வர்றது இதுவா, வேறயான்னு தெரியணும்."

அதற்கு எங்கள் தெருவில் ஒரே ஆள்தான் — ஏகாம்பரம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் முழங்கையைப் பார்த்தே இன்றைக்கு எந்தக் கலர் நூல் என்று சொல்லிவிடலாம்.

"நூலுன்னா கொதிக்கிற தண்ணியில முக்கி எடுப்பேன். இதை எப்பிடிமா கொதிக்க வெக்கிறது?" என்று தயங்கினார்.

ஆனாலும் தொழில் ரோஷம் விடுமா? வெதுவெதுப்பான தண்ணீர், எலுமிச்சைச் சாறு, அவருக்கு மட்டும் தெரிந்த இன்னும் ஏதோ ஒன்று... கூண்டுக்கு வெளியே தொங்கிய வால்களுக்கு ஒவ்வொன்றாகப் பூசினார். ஒன்று அவர் துண்டைப் பிடுங்கியது. இன்னொன்று காதைத் திருகியது. அசரவில்லை. பதினோரு வால்களும் அசல் வாடாமல்லி நிறம்!

லாரி கிளம்பியது. தெரு கைதட்டியது. பதினைந்து நாள் நிம்மதி.

பதினாறாம் நாள் காலை, பாவின்மேல் குரங்குகள்.

"பஸ் புடிச்சி வந்துட்சிங்கபா!" என்று அலறினார் எதிர்வீட்டு நெசவாளர் தணிகாசலம்.

சுலோசனாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "வாலைப் பாருங்க, கலரே இல்லை! இது புதுக் கூட்டம். நான் சொன்னேனா இல்லையா?"

தெரு வாலைப் பார்த்தது. பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தது.

"பதினஞ்சே நாள்ல சாயம் போயிட்சா?"

பாவம் மனிதர். ஆராய்ச்சி தோற்றால் கட்டுரை போகும், சாயம் தோற்றால்? மறுநாளே ஒரு கடைக்காரர், அவர் சாயம் போட்ட நூலைக் கண்ணெதிரே தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாராம். ஏகாம்பரம் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "முப்பது வருசமா யாரும் என் நூலை அலசிப் பாத்தது இல்லபா" என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். அவருக்குச் சாயம் வேண்டும். அந்த அம்மாவுக்குச் சான்று வேண்டும். எனக்கு? இந்தப் பத்திக்கு விஷயம் வேண்டாமா!

கண்டக்டர் கைகாட்டிய 'காட்டில்' இறங்கினோம். வரிசை வரிசையாகத் தைலமரக் கன்றுகள். ஆல் இல்லை, அத்தி இல்லை, நாவல் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இதை நட்டிருந்தார்கள். சுலோசனா வெகுநேரம் நோட்டைத் திறக்கவே இல்லை.

"இங்க ஒரு குரங்கு எதைத் தின்னும்?" என்றார்.

"தலைவலின்னா தேய்ச்சிக்கலாம்மா" என்றார் ஏகாம்பரம்.

தின்ன ஒன்றும் இல்லாத குரங்கு எங்கே போகும்? அடுத்த ஊருக்குத்தான். நாங்களும் போனோம். முதல் வீட்டின் ஓட்டுக் கூரைமேல் ஒரு குரங்கு கடலை உரித்துக்கொண்டிருந்தது. தொங்கிய வால் — வாடாமல்லி! அந்த வாரம் முழுக்க மழை வேறு.

ஏகாம்பரம் துள்ளினார். "என் சாயம்! பாத்தியாபா, மழையில நனைஞ்சும் போவல! நான் போட்ட சாயம்!"

அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

நாலா பக்கமும் ஆட்கள் வந்தார்கள். முன்னால் ஊர்த் தலைவர்.

"ஓ... நீ போட்ட சாயமா? அப்ப இதுங்களை இங்க கொண்டாந்து உட்டது நீங்கதானா? கொல்லையில ஒரு செடி பாக்கி இல்ல! ஆஞ்சநேயருன்னு குரங்கை அடிக்க மனசு வரல. உங்களை அடிக்கலாம் இல்ல?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நாங்கள் நிற்கவில்லை. ஏகாம்பரம் முன்னால், நான் பின்னால். பம்புசெட் அறைக்குள் புகுந்து ஒளிந்தோம்.

சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால், சுலோசனா ஓடவே இல்லை! ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊர்.

"எத்தனை வந்துச்சு?"

"ஏழுமா."

"யார் சொன்னது? ஒம்போது. ரெண்டு ஏரிக்கரை பக்கம் தனியா சுத்திக்கினு இருக்குது!"

அவர்களுக்குள்ளேயே சண்டை. அதுவரை அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. எழுதி முடித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "தப்பு எங்க மேலதாங்க. எங்க தொல்லையை உங்க தலையில கட்டிட்டோம்."

தலைவருக்கு அதற்குமேல் கோபப்படத் தெரியவில்லை. ஏகாம்பரமும் நானும் வெளியே வந்து கைகூப்பினோம். மோர் கொடுத்தார்கள். கொடுத்த தலைவர் மனைவியின் கண் மட்டும் கூரைமேலேயே இருந்தது.

"ஏங்க, இந்தக் கலரு பொடவையில வருமா? தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்."

ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கெட்டிச் சாயம்மா. நான் சொல்றது என்னா, நீங்களே பாத்துக்கினுதானே இருக்கீங்க!"

இப்போது எங்கள் தெருவில் பாவு போடும்போது முனைக்கு ஒருவர் நீளக் கழியோடு நிற்கிறார். குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. இந்த வாரம் ஓர் இழை அறவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் லாரி வைப்பதில் உள்ள கம்பீரம் கழி பிடிப்பதில் ஏது?

ஒரு சந்தேகம் எனக்கு. திரும்பும் பஸ்ஸிலேயே கேட்டேன்: "நம்ம தெருவுக்குப் புதுசா வந்த கூட்டம் எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கத்துத் தோப்புலேருந்து வந்திருக்கலாம்" என்றார் சுலோசனா. "இல்லேன்னா, வேற ஏதாவது ஊர்க்காரங்க லாரியில கொண்டுவந்து விட்டிருக்கலாம்."

எந்த ஊரோ தெரியாது. எங்களைவிட விவரமானவர்கள் — சாயம் பூசாமல் அனுப்பியிருக்கிறார்கள்!